"அதைப் பார்த்துத்தான் செய்தது" என்று எழுதும் முன்: ரசிகர் கிராஸ்ஓவர் தொடர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி கட்டுரை வரைவு ஒன்றை அனுப்பி, "அண்ணா, ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்றான். ரசிகர்களே செய்யும் வீடியோ கேம் கிராஸ்ஓவர் தொடர்களைப் பற்றிய கட்டுரை. ஒரு கம்பெனியின் மாரியோவும் இன்னொரு கம்பெனியின் சோனிக்கும் ஒரே கதையில் வந்து மோதிக்கொள்வார்களே, அந்த வகை. நன்றாகவே எழுதியிருந்தான். மூன்றாவது பத்தியில் ஒரு சின்னத் தொடரைப் பற்றி, "சூப்பர் மாரியோ பிரதர்ஸ் இஸட்டின் தாக்கம் இதில் அப்பட்டமாகத் தெரிகிறது" என்று ஒரு வரி வந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏனென்றால் அந்த வரி என்னுடையது. பல வருஷங்களுக்கு முன்னால் நான் எழுதி, தவறென்று தெரிந்து, திருத்தியும் சாகாத வரி.

அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் ஸ்ப்ரைட் அனிமேஷன் செய்கிறவன், அதாவது வீடியோ கேமிலிருந்து எடுத்த சின்ன உருவங்களை (ஸ்ப்ரைட்) அசைத்துப் படம் செய்கிறவன். இரண்டு சின்னத் தொடர்களை முடித்திருக்கிறேன், மூன்று பாதியில் கிடக்கின்றன. நடுநடுவே மற்றவர்களுடைய தொடர்களுக்கு அறிமுகமும் எழுதுவேன். பாத்திரத்தின் பெயரைத் தப்பாக எழுதாதே, கதை முடிவை உடைக்காதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

"முதன்முதல்" என்ற சொல்

புதிதாக எழுத வருகிறவர்களுக்கு இந்தச் சொல் மேல் ஒரு மோகம். "ஸ்ப்ரைட் படக்கதைகளின் முன்னோடி பாப் அண்ட் ஜார்ஜ்" என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவார்கள். பாப் அண்ட் ஜார்ஜ் தொடங்கியது 2000 ஏப்ரல் 1-ஆம் தேதி. மெகா மேன் விளையாட்டின் உருவங்களை வைத்து 2007 ஜூலை வரை ஓடியது. நெக்லெக்டெட் மாரியோ கேரக்டர்ஸ் அதற்கு முன்பே, 1998-லேயே வந்துவிட்டது. அப்படியானால் பாப் அண்ட் ஜார்ஜ் செய்தது என்ன? அந்த முறையை ஊரறியச் செய்தது. அதைப் பார்த்து நூற்றுக்கணக்கான பேர் ஆரம்பித்தார்கள். அது சின்ன விஷயமா? "பரவலாக்கியது" என்று எழுதினால் பெருமை ஒன்றும் குறைந்துவிடாது.

இன்னொரு வேடிக்கை, அது திட்டமிட்டுச் செய்த புதுமையே அல்ல. கையால் வரைந்து வெளியிட நினைத்த படக்கதைக்கு இடைவெளி நிரப்பத்தான் விளையாட்டு உருவங்களைப் பயன்படுத்தத் தொடங்கினார் அதைச் செய்தவர். நிரப்பியாக வந்ததே ஏழு வருஷம் ஓடிவிட்டது.

எல்லாவற்றுக்கும் தாய் ஸ்மாஷ் பிரதர்ஸ் இல்லை

பல விளையாட்டுப் பாத்திரங்கள் ஒரே இடத்தில் கூடினாலே "ஸ்மாஷ் பிரதர்ஸ் பாணி" என்று முத்திரை குத்துவது இன்னொரு பழக்கம். நின்டெண்டோ பாத்திரங்கள் மோதிக்கொள்ளும் சண்டை விளையாட்டான சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸின் முதல் பாகம் ஜப்பானில் வெளியானது 1999 ஜனவரியில். கோனாமி தன் பாத்திரங்களை ஒன்றாகத் திரட்டி வை வை வேர்ல்டு என்ற விளையாட்டை 1988-லேயே கொண்டுவந்துவிட்டது. அதில் கிங் காங்கூட உண்டு. எஸ்என்கே தன் இரண்டு சண்டைத் தொடர்களின் ஆட்களைச் சேர்த்து கிங் ஆஃப் ஃபைட்டர்ஸை 1994-இல் தொடங்கியது. கேப்காம் 1996-இல் எக்ஸ்-மென் வெர்சஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டரைக் கொடுத்தது. ஸ்மாஷ் பிரதர்ஸேகூட மாரியோவை வைத்துப் பிறக்கவில்லை. அதை உருவாக்கிய மசாஹிரோ சகுராய் முதலில் செய்த மாதிரியில் முகம் தெரியாத பொது உருவங்கள்தான் சண்டை போட்டன. நின்டெண்டோ பாத்திரங்கள் அப்புறம் வந்து ஏறியவை.

ஒரு பையன் செய்த தொடரில் கிங் ஆஃப் ஃபைட்டர்ஸின் கியோவும் ஸ்ட்ரீட் ஃபைட்டரின் ரியூவும் மோதுகிறார்கள் என்றால் அவன் எஸ்என்கே, கேப்காம் விளையாட்டுகளில் ஊறியவனாக இருக்கவே வாய்ப்பு அதிகம். உங்களுக்குத் தெரிந்த பெரிய பெயர் அவனுக்கும் அப்பனாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

ஒத்திருக்கிறது, அதனால் எடுத்தது

இதுதான் என்னை இன்னும் உறுத்துவது. கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

சூப்பர் மாரியோ பிரதர்ஸ் இஸட் 2006-இல் நியூகிரவுண்ட்ஸ் என்ற இணையதளத்தில் தொடங்கிய ஃப்ளாஷ் (அந்தக் கால இணைய அனிமேஷன் மென்பொருள்) தொடர். ஆல்வின்-எர்த்வோர்ம் என்ற புனைபெயரில் இயங்கியவர் செய்தது. மாரியோவின் உருவத்தை 2003-இல் வந்த மாரியோ அண்ட் லூயிஜி விளையாட்டிலிருந்து எடுத்து, சண்டையை டிராகன் பால் இஸட் என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரின் பாணியில் அமைத்திருப்பார். பெயரில் இருக்கும் அந்த "இஸட்" எங்கிருந்து வந்தது என்பதை அவர் மறைக்கவே இல்லை. அதில் வில்லன் மெக்கா சோனிக். சக்தி தரும் கேயாஸ் எமரால்டு கற்களைத் தேடி அலையும் இரும்பு சோனிக். எட்டு எபிசோடுகளோடு அந்த முதல் தொடர் நின்றுபோனாலும், என் வயதுக்காரர்களுக்கு அது ஒரு கோயில் மாதிரி.

அந்த மயக்கத்தில் இருந்த காலத்தில்தான் ஒரு கல்லூரிப் பையனின் தொடருக்கு நான் அறிமுகம் எழுதினேன். மூன்று எபிசோட் வெளியிட்டிருந்தான். மூன்றாவதில் வானத்தில் மிதக்கும் இடிந்த மண்டபம், அதன் மேல் இரும்பு சோனிக் ஒன்று பொன்னிறமாக மாறி சோனிக் விளையாட்டுகளில் வரும் நக்கிள்ஸை அடித்துத் துவைக்கிறது. பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தீர்ப்பு ரெடி. பொன்னிற மெக்கா சோனிக் என்றால் வேறு எங்கிருந்து வரும்? "தாக்கம் அப்பட்டமாகத் தெரிகிறது" என்று எழுதினேன். பாராட்டாகத்தான் எழுதினேன், அது வேறு விஷயம்.

இரண்டு நாளில் அவனிடமிருந்து பதில். "அண்ணா, நான் அந்தத் தொடரைப் பார்த்ததே இல்லை. நீங்க சொன்ன பிறகுதான் பேரே தெரியும். இது சோனிக் அண்ட் நக்கிள்ஸ்ல வர்ற கடைசிச் சண்டை."

உண்மைதான். 1994-இல் வந்த சோனிக் அண்ட் நக்கிள்ஸில், நக்கிள்ஸை எடுத்து ஆடினால் கடைசி எதிரி மெக்கா சோனிக். இடம், வானத்தில் மிதக்கும் ஸ்கை சாங்சுவரி. அடி வாங்கியதும் அவன் மாஸ்டர் எமரால்டிடம் போய்ச் சக்தியை உறிஞ்சிப் பொன்னிறமாவான். அந்த நிலையில் அவனை ஒன்றும் செய்ய முடியாது. கொஞ்ச நேரத்தில் சக்தி வடிந்து பழைய இரும்பு நிறத்துக்கு வருவான், அப்போது அடிக்க வேண்டும். திரும்ப ஓடிப்போய் ஏற்றிக்கொண்டு வருவான். பையன் இதை மாமா வீட்டுக் கம்ப்யூட்டரில் ஆடியிருக்கிறான். 1997-இல் விண்டோஸுக்கு வந்த சோனிக் அண்ட் நக்கிள்ஸ் கலெக்‌ஷன், யாரோ எரித்துக் கொடுத்த சிடி.

அவனுடைய மூன்றாவது எபிசோடைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் கண்ணெதிரேயே இருந்தது. பொன்னிறம் மங்கி இரும்பாவது, பின்னாலிருக்கும் பெரிய பச்சைக் கல்லுக்குத் தாவுவது, மறுபடி பொன்னாவது, மொத்தம் மூன்று சுற்று. விளையாட்டில் உட்கார்ந்து தோற்றுத் தோற்று ஆடியவன் கைக்கு மட்டுமே வரும் தாளம் அது. நான் பார்த்தது நிறத்தை மட்டும்.

திருத்தம் போட்டேன். யார் படித்தார்கள்? முதல் வரி அதற்குள் பத்து இடத்துக்குப் போய்விட்டது. "சுட்ட கதை", "ஈயடிச்சான் காப்பி" என்று ஆரம்பித்தார்கள். "இஸட்டைப் பார்த்து எடுத்ததாக விவரம் தெரிந்தவர்களே எழுதியிருக்கிறார்கள்" என்று அதற்கு ஆதாரம் வேறு. விவரம் தெரிந்தவர் நான்தான். நான்காவது எபிசோடைப் பாதி செய்துவைத்திருந்தான், காட்டியிருக்கிறான். ரயில் கூரையில் ஒரு சண்டை, அவ்வளவு அழகு. அது வெளிவரவே இல்லை. நான் எழுதியதால்தான் நிறுத்தினானா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போது வேறு வேலையில் இருக்கிறான், பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புவான்.

அந்தத் தம்பி அனுப்பிய வரைவுக்கு வருகிறேன். அந்த வரி என்னிடமிருந்து போனதுதான் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறேன்? அவன் வரைவில் "பொன்னிற மெட்டல் சோனிக்" என்று இருந்தது. மெட்டல் சோனிக் வேறு, மெக்கா சோனிக் வேறு. மெட்டல், 1993-இல் சோனிக் சிடியில் வந்த நீல ரோபோ. அவசரத்தில் இரண்டையும் குழப்பி எழுதியது நான். ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தவர்கள் பயன்படுத்திய கணக்குதான் இது. இரண்டு ஏட்டிலும் சரியான பாடம் ஒரே மாதிரி இருந்தால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒரே பிழை இரண்டிலும் இருந்தால்தான் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியது, அல்லது இரண்டுக்கும் மூல ஏடு ஒன்று.

அந்த "அல்லது" ரொம்ப முக்கியம். இன்னொரு முறை இரண்டு தொடர்களில் ஒரே பாத்திரத்தின் ஓட்டத்தில், மூன்றாவது சட்டகத்தில் (அசைவின் ஒரு தனிப் படம்), வலது கணுக்காலுக்குக் கீழே ஒற்றைப் பச்சைப் புள்ளி இருப்பதைக் கண்டுபிடித்தேன். பின்னணிப் பச்சையை அழிக்கும்போது யாரோ விட்ட புள்ளி. ஆகா, மாட்டினான் என்று குதித்தேன். அப்புறம் தேடினால் அந்தப் புள்ளி, ஆயிரம் பேர் இறக்கிப் பயன்படுத்தும் பொது ஸ்ப்ரைட் ஷீட்டிலேயே (பாத்திரத்தின் அசைவுகளை வரிசையாக அடுக்கிய படம்) இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே கடையில் அரிசி வாங்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கிராஸ்ஓவரில் இந்த மூல ஏடு எப்போதும் உண்டு. பாத்திரங்கள் எல்லாருக்கும் பொது என்பதால் ஒற்றுமை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஏழு எமரால்டு, பொன்னிற உருமாற்றம் இரண்டும் 1992-இல் வந்த சோனிக் 2-இலேயே உண்டு. அதைப் பார்க்கிற யாருக்கும் ஏழு டிராகன் பால்களும், அதற்கு முந்தைய வருஷம் அந்தப் படக்கதையில் நாயகன் கோகுவின் முடி பொன்னிறமானதும் ஞாபகம் வரும். "ஒத்திருக்கிறது" என்று நான் எழுதுவேன். "எடுத்தது" என்று எழுத, செய்தவர்களின் வாயிலிருந்து வார்த்தை வேண்டும். கோகு என்கிற பெயரோ, சீனக் கதையின் குரங்கரசன் சுன் வுகோங்கின் பெயரை ஜப்பானியர் உச்சரிக்கும் விதம். இந்தச் சங்கிலியில் நடுவில் இருக்கும் ஒரு ரசிகரின் 2006 ஃப்ளாஷ் தொடரை எடுத்து எல்லாவற்றுக்கும் மூலவராக உட்கார வைத்தால் அவரே சிரிப்பார்.

இதே கோளாறு ஆக்ஸெம் ரேஞ்சர்ஸிலும் நடக்கிறது. அந்த ஐந்து கோடாரிக்காரர்கள் 1996-இன் சூப்பர் மாரியோ ஆர்பிஜியில் வந்தவர்கள். இஸட்டிலும் அவர்கள் வருவதால் யாராவது அவர்களைத் தொட்டால் போதும், "இஸட்டில் பார்த்தது" என்று கிளம்பிவிடுகிறார்கள்.

யூட்யூப் தேதி

பழைய தொடர்கள் பல முதலில் வந்தது ஃப்ளாஷ் கோப்பாக. யூட்யூபில் இருப்பது பிற்பாடு யாரோ ஏற்றியது, சில சமயம் ஐந்தாறு வருஷம் கழித்து. அந்தத் தேதியைப் பார்த்து "இது அதற்குப் பின்னால் வந்தது" என்று எழுதினால் பேரன் தாத்தாவைப் பெற்ற கதையாகிவிடும். 2020 கடைசியோடு ஃப்ளாஷ் போய்விட்டதால் பல மூலப் பக்கங்கள் திறப்பதே இல்லை. நியூகிரவுண்ட்ஸில் இருப்பவை பிழைத்தன, அங்கே முதல் தேதி அப்படியே இருக்கும். அதைப் பாருங்கள்.

வெளியான தேதியும் செய்த தேதியும் ஒன்றல்ல என்பதையும் மறக்காதீர்கள். பழைய ஃப்ளாஷில் புதுக் கோப்பு திறந்தால் நொடிக்கு 12 சட்டகம். பத்து நிமிட எபிசோடு என்றால் 7200 சட்டகம். தனி ஆளாக உட்கார்ந்தால் மாதக்கணக்கில் இழுக்கும். மூன்று வார இடைவெளியில் வெளிவந்த இரண்டு எபிசோடுகளில் ஒன்றைப் பார்த்து ஒன்று செய்தார்கள் என்று குற்றம் சாட்டுகிறவர் அந்த வேலையில் ஒரு நாள்கூட உட்காராதவர்.

நிறம் மாற்றுவது

சோனிக்குக்குச் சிவப்பு அடித்துக் கண்ணில் ஒரு தழும்பு போட்டால் புதுப் பாத்திரம் ஆகாது. நானும் செய்திருக்கிறேன். அடுத்தது.

"உரிமைகள் உரியவர்களுக்கே"

இந்த ஒரு வரியைக் கடைசியில் போட்டுவிட்டு நன்றி சொல்லியாகிவிட்டது என்று நினைப்பது. நின்டெண்டோவுக்கு உங்கள் நன்றி தேவையில்லை. அந்த உருவங்களை விளையாட்டிலிருந்து சட்டகம் சட்டகமாகப் பிரித்தெடுத்து, வரிசையாக அடுக்கிக் கொடுத்தவர் ஒருவர் இருக்கிறார். ஷீட்டின் ஓரத்தில் சின்ன எழுத்தில் அவர் பெயர் இருக்கும். பின்னணியை வெட்டும்போது அதையும் சேர்த்து வெட்டிவிடுகிறோம்.

பிரித்தெடுப்பது வேறு, வரைவது வேறு என்பதையும் பிரித்துச் சொல்லுங்கள். விளையாட்டில் இல்லாத ஓர் அசைவை, சோனிக் வாள் பிடிக்கிற மாதிரி ஒன்றை, ஒருவர் புள்ளி புள்ளியாக வரைந்திருந்தால் அவர் கலைஞர். அவர் பெயரை அந்த எபிசோடிலேயே போட வேண்டும். என் முதல் தொடரில் அப்படி ஒருவரை "உதவி" என்ற தலைப்பில் ஏழாவது பெயராகத் தள்ளினேன். பாதிச் சண்டை அவர் வரைந்தது.

பார்க்கவே இல்லை என்று சாதிப்பது

என் மாதிரி ஆட்கள் அவசரப்பட்டு முத்திரை குத்துவதால் வந்த பக்கவிளைவு இது. ஒன்றைப் பார்த்து மயங்கித் தொடங்கியவர்கள்கூட, சொன்னால் காப்பி என்பார்களே என்று பயந்து மறைக்கிறார்கள். நம் இலக்கணக்காரர்கள் முதல் நூல், வழி நூல், சார்பு நூல் என்று மூன்றாகப் பிரித்தபோது வழி நூலை இழிவாக ஒன்றும் சொல்லவில்லை. முன்னவன் சொன்னதை ஒத்து, தனக்கு வேண்டிய மாற்றத்தைச் சொல்வது வழி நூல். கிராஸ்ஓவர் என்றாலே வழி நூல்தான். கேள்வி உங்கள் மாற்றம் எது என்பதில் இருக்கிறது.

டிராகன் பாலின் உருண்டைகள் பழைய ஜப்பானியக் கதையான ஹக்கென்டனின் எட்டு மணிகளிலிருந்து வந்தவை, அதே எட்டு வேண்டாம் என்று ஏழாக்கினேன் என்று அகிரா தோரியாமாவே சொல்லியிருக்கிறார். எடுத்தது இது, மாற்றியது இது. எபிசோடின் விவரத்தில் நீங்களும் இப்படி இரண்டு வரி எழுதிவிட்டால் என்னைப் போன்றவர்கள் ஊகிக்க வேண்டிய வேலையே இல்லை.

கம்பெனிக்குப் போகும் பெயர்

ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் மெகா மேன் என்று ஒரு விளையாட்டு. 2012 டிசம்பர் 17-இல் கேப்காம் இலவசமாக வெளியிட்டது. இரண்டு தொடர்களுக்கும் அது இருபத்தைந்தாவது வருஷம். பட்டியல் போடுகிறவர்கள் "கேப்காமின் அருமையான யோசனை" என்று எழுதிவிட்டுப் போவார்கள். அது சியோ சோங் ஹுய் என்ற சிங்கப்பூர் ரசிகரின் யோசனை, அவருடைய உழைப்பு. அவர் செய்துகொண்டிருந்ததைக் கேப்காமிடம் காட்டினார், அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ரசிகர் செய்த ஒன்று அதிகாரபூர்வமாக ஆனதும் ரசிகரின் பெயர் உதிர்ந்துவிடுகிறது. கவனித்து எழுதுங்கள், ஒரு வரிதான் கூடும்.

பணம்

அடுத்தவன் பாத்திரத்தை வைத்து மாதச் சந்தா கேட்காதீர்கள். இஸட்டின் மறுதொடக்கத்துக்காகத் திறந்த பேட்ரியான் (ரசிகர்களிடம் சந்தா திரட்டும் தளம்) பக்கத்தை நின்டெண்டோ மூட வைத்தது.

கேட்பது எப்படி

"நீங்க இதைப் பார்த்துத்தானே செய்தீங்க?" என்று கேட்டால் நேர்மையானவனும் சுருங்கிப்போவான். நான் இப்போது வேறு மாதிரி கேட்கிறேன். இந்தக் காட்சியைச் செய்தபோது கூடவே எந்தக் கோப்பு திறந்திருந்தது? சின்ன வயதில் எந்த விளையாட்டில் மாட்டிக்கொண்டு அழுதீர்கள்? இந்த அசைவு எங்கிருந்து? இந்த மூன்று கேள்விக்கு வரும் பதில்கள் நான் ஊகித்ததோடு பொருந்துவது அபூர்வம்.

சமீபத்தில் மெகா மேனும் நின்டெண்டோவின் உருண்டைப் பாத்திரமான கிர்பியும் மோதும் தொடர் ஒன்றைச் செய்யும் பெண்ணிடம் கேட்டேன். அதில் கிர்பி கழுத்தைத் தாழ்த்தி, அரை வட்டமாகச் சுற்றி வந்து, திடீரென்று எழும்பி இரண்டு காலாலும் அடிக்கிறது. கிர்பிக்குக் கழுத்தே கிடையாது, ஆனாலும் தாழ்த்துகிற மாதிரி இருக்கிறது. கிங் ஆஃப் ஃபைட்டர்ஸில் எந்த ஆளுடைய அசைவு என்று நான் மனசுக்குள் இரண்டு பெயர் தயாராக வைத்திருந்தேன்.

"எங்க வீட்டுச் சேவல்ணா," என்றாள். "போன்ல வீடியோ எடுத்து, ஒவ்வொரு சட்டகமா வச்சுப் பார்த்து வரைஞ்சேன். அனுப்பட்டுமா?"